இலை விழும் வரை பேசலாம்

மலையடிவாரத்தில் ஒரு காடு. காட்டின் நடுவே ஒரு குட்டை. குட்டைக் கரையில் ஒரு கரிச்சான் குருவி வாழ்ந்தது. வால் நுனியில் துடுப்பு மாதிரி இரண்டு இறகு வைத்திருந்த அந்தக் குருவிக்கு எந்தக் குரலும் வரும். மானிடம் மானாகப் பேசும். குரங்கிடம் குரங்காகப் பேசும்.

இளமையில் அதற்கு ஒரு யோசனை தோன்றியது. எந்த மரம் பழுத்திருக்கிறது என்று தெரியாமல் மிருகங்கள் காடு முழுக்க அலைகின்றனவே! விடிந்ததும் உயரமான மரத்தில் உட்கார்ந்து, அதை எல்லார் மொழியிலும் கூவிச் சொன்னால் என்ன?

கூவியது. ஒருவரும் நம்பவில்லை. "இவனுக்கு வேற வேலை இல்லை!" என்று குரங்குகள் குச்சியை விட்டெறிந்தன. இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. மூன்றாம் வருஷம் ஒரு கிழட்டு மான் சேதியை நம்பி நாவல் மரத்தடிக்குப் போய், வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்! காடே காது கொடுத்தது, பழத்தில் ஒரு பங்கும் கொடுத்தது. மரத்துக்கு ஒரு பறவையை அமர்த்திக் கூவச் சொல்லும் அளவுக்குத் தொழில் வளர்ந்தது.

ஒருநாள் கிளிக்கூட்டம் பேச்சுவார்த்தைக்கு வந்தது.

"அண்ணே, இந்தத் தொழிலை எங்களுக்கே விட்டுக் கொடுங்க! பதிலுக்கு ஓடைக்கரை அத்திமரம் உங்களுக்கு!"

காட்டிலேயே பெரிய மரம் அது. வருஷம் முழுக்கக் காய்க்கும். கரிச்சான் சரி என்றது.

மரம் வந்தது, வேலை போனது. சும்மா இருப்பது சுகம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தது. மூன்றாம் நாள் உச்சிக்கிளையில் ஏறி நின்று கூவியது.

"புதுசா ஏதாவது செய்ய நினைக்கிறவங்க வாங்க! வேலை முடியிற வரைக்கும் என் மரத்துல சாப்பிடுங்க! பலன் கிடைச்சா எனக்கும் ஒரு பங்கு!"

வந்தார்கள். அணில் ஒன்று மழைக்காலத்துக்காகப் பொந்துகளில் கொட்டை சேர்த்து வைத்தது, அது ஜெயித்தது. கொக்கு ஒன்று மீன்களுக்கு நீச்சல் கற்றுத் தருவதாக வந்தது, அதைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. கரிச்சான் எதற்கும் கலங்கவில்லை. "விதைச்சதெல்லாமா முளைக்குது? பத்துல ஒண்ணு முளைச்சா போதும்!" என்று சிரித்தது.

வரிசை நீண்டுகொண்டே போனது. ஆகவே கரிச்சான் ஒரு வழக்கம் வைத்தது. உச்சியிலிருந்து ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போடும். அது தரையைத் தொடுவதற்குள் வந்தவர் தம் யோசனையைச் சொல்லி முடித்துவிட வேண்டும். முடிக்காவிட்டால் அடுத்த ஆள்!

"ஒரு இலை விழற நேரத்துல ஒருத்தரோட யோசனை எப்படிங்க புரியும்?" என்று கேட்டது அதன் பேடை.

"தெளிவா யோசிக்கிறவன் சுருக்கமா சொல்லிருவான்!"

"உங்களை இந்தக் காடு நம்பவே மூணு வருஷம் ஆச்சே!"

கரிச்சான் அடுத்த இலையைக் கிள்ளிப் போட்டது. ஒருமுறை ஜெயித்தவர்களுக்கு வருகிற வியாதி இது. தன்னைப்போல் பேசுகிறவன்தான் புத்திசாலி என்று தோன்றிவிடும்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஓடை வறண்டது. குட்டை சுருங்கிச் சுருங்கி ஒரு கை அகலச் சேறாகிவிட்டது. சிறகுள்ளவர்கள் கிழக்கே ஆற்றுக்குப் பறந்து போய்க் குடித்து வந்தார்கள். ஆனால் கரிச்சான் கூட்டில் கண் திறந்து நாலு நாளே ஆன இரண்டு குஞ்சுகள் இருந்தன. ஆற்றிலிருந்து அலகில் எடுத்து வரும் தண்ணீர் பாதி வழியிலேயே காய்ந்து போனது. இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

"தண்ணிக்கு வழி சொல்றவங்களுக்கு என் மரம் முழுசும்!" என்று கரிச்சான் அறிவித்தது.

மூன்று பேர் வந்தார்கள். முதலில் மயில். கரிச்சான் இலையைப் போட்டது.

"நான் ஆடினா மேகம் வரும்! தினமும் ஆடறேன்!"

"போன மாசமும் ஆடினியே, வந்துச்சா? அடுத்த ஆள்!"

அடுத்து மரநாய். பளபளக்கும் வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றது.

"அண்ணே! மேற்கு மலையில வத்தாத சுனை இருக்கு! மூங்கிலைப் பிளந்து ஒண்ணோட ஒண்ணு கோத்துட்டா தண்ணி தானா ஓடி வந்துரும்! பத்தே நாள்! என் சொந்தக்காரங்க இருபது பேரு தயார்!"

இலை இன்னும் பாதி வழியில்தான் மிதந்துகொண்டிருந்தது. "பேச்சுன்னா இது பேச்சு!" என்றது கரிச்சான்.

கடைசியாக அலுங்கு. உடம்பெல்லாம் செதில் போர்த்து, நீண்ட நாக்கால் கறையானைத் தின்று வாழும் பிராணி. பகலில் வெளியே வருவதே அபூர்வம். கூட்டத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனது.

இலை விழத் தொடங்கியது.

"அண்ணே... நான் வந்து... கறையான் புத்து..."

"கறையானா? இங்க தண்ணி கேட்டா நீ சாப்பாடு கேக்கிற!" என்றது ஒரு குரங்கு. எல்லாரும் சிரித்தார்கள். கரிச்சானும் சிரித்தது. பயந்தால் அலுங்குக்குத் தெரிந்தது ஒன்றுதான். தலையை வயிற்றுக்குள் இழுத்துப் பந்தாகச் சுருண்டுகொண்டது. இலை அதன் பக்கத்தில் வந்து விழுந்தது.

மரம் மரநாய்க்குப் போனது. இருபது சொந்தக்காரர்கள் நாற்பதானார்கள். தின்றார்கள், தின்றார்கள். "மூங்கில் கொஞ்சம் வளைஞ்சிருச்சுண்ணே! இன்னும் ரெண்டே நாள்!" என்றது மரநாய். "கொடுத்த பிறகு மேலே விழுந்து பாக்கிற பழக்கம் எனக்கில்லை" என்று கரிச்சான் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. பத்தாம் நாள் மரத்தில் ஒரு பழம்கூட இல்லை. சேறும் காய்ந்து வெடித்துவிட்டது. அதற்குமேல் பொறுக்க முடியாமல் மேற்கு மலைக்குப் பறந்து போய்ப் பார்த்தது.

ஒரு மூங்கில்கூடப் பிளக்கப்படவில்லை. சுனை இருந்த பள்ளத்தில் காய்ந்த பாசிதான் இருந்தது.

"ஏன்யா பொய் சொன்னே?" திரும்பி வந்த கரிச்சான் மரநாயிடம் கேட்டது.

மரநாய் தலை குனிந்தது. "பொய் சொல்லணும்னு நினைக்கலைண்ணே. சின்ன வயசுல அங்க தண்ணி பாத்தேன். இப்பவும் இருக்கான்னு போய்ப் பாக்கலை. சொல்லச் சொல்ல நானே நம்பிட்டேன்."

கரிச்சான் கூட்டுக்குத் திரும்பியது. "அன்னிக்கு அந்த அலுங்கு என்ன சொல்ல வந்துச்சுன்னு கேட்டீங்களா?" என்றது பேடை. கரிச்சான் அலுங்கைத் தேடிப் பறந்தது.

காட்டின் தென்கோடியில், ஒரு பெரிய புற்றின் அடியில் அலுங்கு தனியாகத் தோண்டிக்கொண்டிருந்தது. கரிச்சானைக் கண்டதும் சுருண்டுகொண்டது. கரிச்சான் எதிரே தரையில் உட்கார்ந்தது. வெயில் ஏறியது, இறங்கியது. கரிச்சான் நகரவில்லை. சாயங்காலம் பந்து மெல்ல அவிழ்ந்தது.

"இலை போடலையாண்ணே?"

"இல்லப்பா. நீ சொல்லு. எவ்வளவு நேரம் ஆனாலும் சொல்லு."

அலுங்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னது. "ஊரே காஞ்சு கிடக்கு. இந்தப் புத்துல மட்டும் நாக்கை விட்டா ஈரம் ஒட்டுது. கறையான் ஈர மண்ணை எங்கிருந்து கொண்டு வரும்? கீழே இருந்துதானே? அப்ப கீழே தண்ணி இருக்கணும். நான் தோண்டிருவேன். ஆனா மண்ணை வெளியே தள்ள ஆள் வேணும். ரெண்டு பன்னி இருந்தா நாலு நாள்ல முடிஞ்சிரும். அன்னிக்கு அதைத்தான் கேக்க வந்தேன்."

கரிச்சான் பறந்தது. பன்றிகளிடம் பன்றியின் குரலில் உள்ளதைச் சொன்னது. "பழம் தீந்து போச்சு. குடுக்க என்கிட்ட எதுவும் இல்லை. தப்பு என்னோடது. வருவீங்களா?"

பெரிய பன்றி எழுந்து உடம்பை உதறியது. "பழம் கிடக்கட்டும்! தாகத்துக்கு வர்றோம்."

அலுங்கு தோண்டியது, பன்றிகள் மண்ணைத் தள்ளின. மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு குஞ்சுகளில் சின்னது வாயை மூடியது. பிறகு திறக்கவே இல்லை. கரிச்சான் கூட்டின் விளிம்பில் நின்று அழுதது. எல்லார் குரலும் தெரிந்த அதற்கு அன்று எந்தக் குரலும் வரவில்லை.

நான்காம் நாள் விடியலில் அலுங்கு குழிக்குள்ளிருந்து ஏறி வந்தது. மூக்கெல்லாம் சேறு.

"வந்துருச்சு" என்றது. அவ்வளவுதான்.

தவித்த வாயோடு நின்ற மிருகங்கள் எல்லாம் விலகி, முதலில் கரிச்சானுக்கு வழி விட்டன. அது அலகு நிறைய எடுத்துக்கொண்டு போய் மிச்சமிருந்த குஞ்சின் வாயில் ஊற்றியது. குஞ்சு விழுங்கியது. இன்னும் வேண்டும் என்று கத்தியது.

எல்லாரும் குடித்துப் போன பிறகு கரிச்சான் அலுங்கின் அருகில் வந்து உட்கார்ந்தது. "அன்னிக்கே உன்னைக் கேட்டிருந்தா என் பிள்ளை பிழைச்சிருப்பான்."

அலுங்கு மூக்கில் ஒட்டிய சேற்றைத் துடைத்தது. "நானும் அன்னிக்குச் சுருண்டுக்காம இருந்திருக்கலாம்ணே."

"இல்லப்பா. நீ சுருண்டது பயத்துல. நான் சிரிச்சது திமிர்ல."

சட்டென்று பேசத் தெரிந்தவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்திருக்கும் என்று நம்பக் கூடாது. பிறரைத் தூக்கிவிட நினைப்பவர்கள், திக்கித் திணறிப் பேசுகிறவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து கேட்க வேண்டும்.