வெல்டர் ஏன் குரல் கொடுக்கிறார்

இரும்புக்கும் காற்றுக்கும் வாய் இருந்த காலம் அது. ஊருக்கு வெல்டிங் மெஷின் வந்துவிட்டது, ஆனால் அதை வைத்து ஒரு ஆணியைக்கூட யாராலும் ஒட்ட முடியவில்லை. உள்ளே இருந்தது டிசி கரண்ட். போனால் ஒரே திசை, திரும்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது, அத்தனை வீம்பு. அந்த வீம்பெல்லாம் ராடின், அதாவது மெஷினில் மாட்டும் ஒட்டுக் குச்சியின், நுனி வரைக்கும்தான். ராடுக்கும் இரும்புக்கும் நடுவில் காற்று நின்று வழியை மறித்தது.

அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பித் தளும்பியபோது, மதகுக் கதவைத் தூக்கும் இரும்புத் தண்டு முறிந்துபோனது. கதவு திறக்காவிட்டால் கரை உடையும். கரைக்குக் கீழே இருந்த தெருவில்தான் இருளாயியின் அம்மா நடக்க முடியாமல் படுத்திருந்தாள். தூக்கி வர நேரமில்லை. கரையில் ஏற்கெனவே ஓரிடத்தில் நீர் கசிந்தது.

இருளாயி முறிந்த துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தாள். அவள் புருஷன் சங்கிலி, மெஷினை மதகுக்கு இழுத்து வந்து ராடை எடுத்துக்கொண்டு, வழிவிடச் சொல்லிக் காற்றிடம் கெஞ்சினான்.

"குளிர்ந்து கிடக்கிறப்போ எனக்கு இரக்கமே வராது," என்றது காற்று. "ராடை இரும்புல தொட வச்சு உடனே தூக்கு. அந்தச் சூட்டுல ஒரு நெல்லளவு வழி விடுறேன். ஆனா தீ பிறக்கிறதை வெறுங்கண்ணால யாரும் பார்க்கக் கூடாது."

சங்கிலி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். தண்ணீர் இரைச்சலில் இருளாயிக்கு எதுவும் கேட்கவில்லை. அவளிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, பாவி.

முதலில் தொட்டபோது ராடு இரும்பைக் கட்டிக்கொண்டு விட மறுத்தது. சிவந்து கொதித்ததை முறுக்கிப் பிடுங்கினான். அடுத்த முறை பயத்தில் அதிகம் தூக்கிவிட்டான், பொறி அணைந்தது. கசிவு அதற்குள் ஓடையாகியிருந்தது. மறுபடி உரசினான். அதே நேரம் துண்டுகள் நழுவின. நேராக்குவதற்காக இருளாயி குனிந்து பார்த்தாள்.

தீ பிறந்தது.

அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள், கையை மட்டும் எடுக்கவில்லை. தண்டு ஒட்டியது. ஆட்கள் சேர்ந்து கதவைத் தூக்கினார்கள். தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது, கரை நின்றது, தெரு பிழைத்தது.

பொழுது சாய்வதற்குள் இருளாயியின் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டினதுபோல் அறுத்தது. அம்மா பக்கத்தில் இருந்தும் அவளால் முகத்தைப் பார்க்க முடியவில்லை, தடவித்தான் பார்த்தாள். சங்கிலி கண்கலங்கி நின்றான்.

"தீ வச்சது சரி மாமா. வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள்.

சில நாளில் அவளுக்குப் பார்வை தெளிந்துவிட்டது, ஆனால் அந்தக் கேள்வி சங்கிலியை விடவில்லை. எந்த அவசரத்திலும் வெல்டர் ராடை உரசுவதற்கு முன் "கண்ணு!" என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குக் குரல் கொடுப்பது அன்று தொடங்கியதுதான்.