பந்திப் பெருமாளும் பேர் வைக்காத பண்டமும்

ராஜாக்கள் யானை மேல் ஊர்வலம் போன காலம். நெல்லிப்பாடி என்று ஒரு பட்டணம். அங்கே பெருமாள் என்று ஒரு வெற்றிலை வியாபாரி இருந்தார். எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் வெற்றிலைக் கட்டு அவர் கடையிலிருந்துதான் போகும். கட்டோடு அவரும் போவார். போனவர் முதல் பந்தியில் உட்காருவார், நடுப் பந்தியில் உட்காருவார், கடைசிப் பந்தியிலும் உட்காருவார். ஊரார் அவரைப் பந்திப் பெருமாள் என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

அவர் மனைவி தையல்நாயகி கைமணத்துக்குப் பேர் போனவள். என்ன பிரயோசனம்? மனிதர் வீட்டில் கை நனைப்பதே அபூர்வம். வீட்டுச் சமையல் நோயாளிகளுக்கு என்பது அவர் கட்சி.

அப்படி இருக்கையில் கொள்ளை நோய் ஒன்று ஊருக்குள் புகுந்தது. ராஜா தண்டோரா போட்டார். யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. யாரும் யாரையும் தொடக் கூடாது. கூட்டம் கூடவே கூடாது.

கல்யாணங்கள் நின்றன. பந்திகள் நின்றன. பெருமாளுக்கு உலகமே நின்றது. வெறும் இலையை முன்னால் போட்டுக்கொண்டு பழைய விருந்துகளை வரிசையாகச் சொல்லிப் புலம்பினார். தூக்கத்தில்கூட, "பாயசம் இந்தப் பக்கம்" என்று கையை நீட்டினார். சிரிக்காதீர்கள், பாவம் அவர்.

வீட்டில் அரிசி இருந்தது. அதை விட்டால் வண்டிமாட்டுக்கு வாங்கிய கொள்ளு, கூரை மேல் காய்த்த பூசணி, பானையில் கருப்பட்டி, கொல்லையில் முருங்கை, கொஞ்சம் உப்பு புளி. அவ்வளவுதான்.

முதலில் தையல்நாயகி கொள்ளில் ரசம் வைத்தாள். "மாட்டுத் தீனி" என்று இலையைத் தள்ளினார் பெருமாள். மறுநாள் பூசணித் தோலைத் துவையலாக அரைத்தாள், சதையைக் கூட்டு வைத்தாள், விதையை வறுத்தாள். "ஒரே காய்க்கு மூன்று வேஷம் போட்டால் விருந்தாகிவிடுமா?" என்று கேட்டார். ஆனால் விதை மட்டும் காலியாகியிருந்தது. மாடு சாப்பிட்டிருக்கும் என்று சாதித்தார்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுச் சடையன் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு சேதி சொன்னான். இவனும் பந்திக்குப் பந்தி பெருமாளோடு உட்கார்ந்தவன். ஆலங்காட்டு மிராசுதார் ராஜாவுக்குத் தெரியாமல் மாந்தோப்பில் மகள் கல்யாணத்தை நடத்துகிறாராம். பதினாறு கறி, மூன்று பாயசமாம்.

பெருமாள் அங்கவஸ்திரத்தை எடுத்து உதறினார். தையல்நாயகி யோசித்தாள். அந்தத் தோப்பில் எத்தனை பேர் நோயோடு உட்காருவார்களோ! போனால் மனிதர் திரும்புவாரா? அழுதால் கேட்க மாட்டார், தடுத்தால் சுவர் ஏறிக் குதிப்பார். அவள் அழவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பூசணித் துருவலையும் கருப்பட்டிப் பாகையும் அடுப்பில் ஏற்றினாள். அகப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

"போறதுன்னா போங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்றேன், அதுவரைக்கும் இதைக் கிண்டுங்க. விட்டா அடி பிடிச்சுரும்."

அவ்வளவுதானே என்று கிண்டினார் பெருமாள். அவள் தொழுவத்தில் போய் உட்கார்ந்தாள். மாடு தண்ணீர் குடித்து முடித்து, அசை போட்டு, தூங்கியும் போனது. அவள் எழுந்திருக்கவில்லை.

சுவருக்கு அப்பால் சடையன் குரல் கொடுத்தான். "இதோ வந்துட்டேன்" என்றார் பெருமாள். ஆனால் உருளிக்குள் நுரை கட்டியது. நுரை எப்படி அடங்கும் என்று பார்க்க ஆசை வந்தது.

சடையன் இரண்டாம் முறை கூப்பிட்டான். "கொஞ்சம் பொறு" என்றார் பெருமாள். அஞ்சறைப் பெட்டியை உருட்டினார். ஏலக்காய் இல்லை. சுக்கைத் தட்டிப் போட்டார். மிளகை ஒரு சிட்டிகை போட்டார், துணிந்து கொஞ்சம் வறுத்த கொள்ளையும் பொடித்துப் போட்டார். வாசனை மூக்கைத் துளைத்தது. மனிதருக்குத் தானாகப் பாட்டு வந்தது.

சடையன் மூன்றாம் முறை கூப்பிட்டான். "அட, நீ போய்யா! சுருண்டு வர்ற நேரத்துல தொந்தரவு பண்ணாதே!"

சடையன் தனியாகப் போனான். இறக்கி வைத்த பண்டத்தைப் பெருமாள் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அகப்பையும் கையுமாக முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஆடினார். தொழுவத்துக்கு ஓடி மனைவிக்கு ஒரு வாய், மாட்டுக்கு ஒரு வாய் ஊட்டினார். அதற்கு என்ன பேர் என்று அவள் கேட்டாள். ஒரு பேரும் தோன்றவில்லை. தையல்நாயகி சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆலங்காட்டு விருந்துக்குப் போனவர்கள் அத்தனை பேரும் படுக்கையில் விழுந்தார்கள். சடையன் செத்துப் பிழைத்தான். பிழைத்தவன் நாக்கில் ருசி இல்லை. பாயசமும் மண், பச்சைத்தண்ணீரும் மண். இனி எதற்கு உயிரோடிருப்பது என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

பெருமாளுக்கு மனசு கேட்கவில்லை. தினமும் ஒன்று ஆக்கினார். கொள்ளில் கஞ்சி, முருங்கைக் கீரையில் அடை, சோற்று வடிநீரில் புளிக்குழம்பு. ஒரு தூக்கில் வைத்து, நீளக் கழியில் மாட்டி, சுவருக்கு மேலாக நீட்டுவார். சடையன் மண்ணைத் தின்பதுபோல் தின்பான். தூக்கு வெறுமையாகத் திரும்பும், ஒரு சொல் வராது. பெருமாள் மறுநாளும் அடுப்பு மூட்டுவார்.

ஒரு நாள் சுவருக்கு அப்பாலிருந்து முனகல் கேட்டது.

"ஏம்ப்பா பெருமாளு... இன்னைக்கு உப்பு கம்மி."

எத்தனையோ சமையற்காரரை உப்புக்காகத் திட்டிய பெருமாள் அன்று அந்த வார்த்தைக்காகத் தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்து, ஒரு கை உப்போடு அடுப்படிக்கு ஓடினார்.

கதவடைத்த காலத்திலும் கையில் இருப்பதை வைத்து இன்னொருவருக்கு ஆக்கிப் போடுகிறவருக்கு வாழ்க்கை ருசிக்காமல் போகாது.