கிழிந்த சீல்

இசக்கிராஜுக்கு வயது நாற்பத்து நான்கு. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஜெசிந்தா அவரைவிடப் பத்து வயது சின்னவர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திவிட்டு வந்தவர் என்பதால் கடைக்கு வருகிற எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். இசக்கிராஜுக்கும் அவர் டீச்சர். டீச்சருக்கு இசக்கிராஜ் அண்ணாச்சி. தூத்துக்குடியில் அந்த மாடிக்கடையில் குருவும் சீடரும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பார்கள். பெரும்பாலும் கேம் விளையாடுகிறவர்களின் பெரிய பெட்டிகள். செல்போன் கடை நடத்தி மூடிவிட்டு வந்தவர் இசக்கிராஜ். வேலையில் சுத்தம். வாய்தான் அடங்காது.

அன்று காலை பெலிக்ஸ் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் மாடி ஏறி வந்தான்.

பெலிக்ஸுக்கு இருபது வயது. கடலோரத் தெருவில் வீடு. ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஒரு அணியில் இருக்கிறான். சனிக்கிழமை மாநிலப் போட்டிக்கான தேர்வு ஆட்டம். போன ஆட்டத்தின் நடுவில் இவன் திரை கறுத்துப்போய் அணி தோற்றது. இன்னொரு தடவை இப்படி ஆனால் உனக்கு இடம் கிடையாது என்று கேப்டன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தான். பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் அவனை யாரும் எதிலும் சேர்த்துக்கொண்டதில்லை. இந்த ஒரு இடத்தில்தான் நாலு பேர் அவனை நம்பி ஆடினார்கள்.

கோளாறு கிராபிக்ஸ் கார்டில். திரையில் படம் வரவைப்பது அதுதான். ஆட்டம் சூடு பிடிக்கும்போது அது நின்றுவிடும்.

முதல் தடவை வந்தபோது இசக்கிராஜ் கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டி, அதை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதிதாக ஏற்றினார். கடையில் நாள் முழுக்க ஓடியது. வீட்டுக்குப் போய் மூன்று நாளில் நின்றது. அடுத்த தடவை கார்டைக் கழற்றிச் சூடு தணிக்கும் பேஸ்ட்டை மாற்றினார். ஓடியது, நின்றது. அதற்கடுத்து பவர் சப்ளையையே மாற்றினார். அப்போதும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் இதுதான் கோளாறு, பிடித்துவிட்டேன் என்று டீச்சரிடம் சொல்லிக்கொண்டார். பழுது பார்க்கிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு. ஓடினால் தன் கை ராசி என்பார்கள். நின்றால் எதிராளியின் தப்பு என்பார்கள்.

வேலை முடிந்ததும் பெட்டியின் திருகாணிமேல் வட்டமாக ஒரு சீல் ஒட்டிவிடுவார். கிழிந்திருந்தால் கடை பொறுப்பல்ல. செல்போன் கடையிலிருந்து அவர் கொண்டுவந்த வழக்கம் இது. கை வைத்தால் அப்புறம் நான் தொடமாட்டேன் என்று பெலிக்ஸிடம் கண்டிப்பாகச் சொல்லியும் அனுப்பியிருந்தார்.

இன்று பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். சீல் கிழிந்திருந்தது.

"கிழிச்சது யாரு?"

பெலிக்ஸ் வாயைத் திறந்தான். சட்டென்று பேச்சு வருகிற ஆள் இல்லை அவன். சொல்ல வேண்டியதை உள்ளே அடுக்கிவைத்துவிட்டுத்தான் வெளியே எடுப்பான்.

"உன்கிட்டதாம்லே கேக்கேன். ஸ்பீடைக் கூட்டுதேன்னு உள்ள நோண்டுனியா?"

"இல்லண்ணே. அது வந்து..."

"வந்து போயின்னு இழுக்காத. நோண்டுனியா, இல்லையா?"

பெலிக்ஸின் முகம் சிவந்தது. கேளுங்கண்ணே என்று ஒரு தடவை சொன்னான். இசக்கிராஜ் கேட்கவில்லை. தான் இந்தப் பெட்டிக்காக எத்தனை வேலையைத் தள்ளிவைத்தேன், யார் யாரிடம் திட்டு வாங்கினேன், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எப்படி வாய் கூசாமல் பொய் வருகிறது என்று ஏறிக்கொண்டே போனார். கடைசியில் பெட்டியை அவன் பக்கம் தள்ளி, இதை இனி இந்தக் கடை தொடாது என்றார்.

பெலிக்ஸ் ஸ்டூலை எட்டி உதைத்தான். பெட்டியை அங்கேயே போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான்.

ஜெசிந்தா உள்மேசையில் ஒரு போர்டில் ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். எல்லாமே அவர் காதில் விழுந்தது. இசக்கிராஜ் மூச்சு வாங்க அவர் முன்னால் வந்து நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன். பொய் சொல்றவன் மிஷினை எப்படி ரிப்பேர் பாக்க?"

ஜெசிந்தா சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார். கோபம் வந்தால் அவர் குரல் தாழ்ந்துவிடும். அன்று அது பாதிதான் கேட்டது.

"அவன் என்ன பொய் சொன்னான்?"

"சீல் கிழிஞ்சிருக்குல்லா."

"அது சீல். அவன் என்ன சொன்னான்?"

இசக்கிராஜ் யோசித்தார். பெலிக்ஸ் சொன்னதாக ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அது அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. சொல்ல என்ன இருக்கிறது, முழி முழியென்று முழித்தான், அதுவே போதாதா என்று கேட்டார்.

ஜெசிந்தா வண்டிச் சாவியை எடுத்தார். "பெட்டியைத் தூக்குங்க. அவன் வீட்டுக்குப் போவோம்."

"நான் எதுக்கு அங்க வரணும்?"

"இத்தனை தடவை அவன் தூக்கிட்டு வந்தான். ஒரு தடவை நீங்க தூக்குங்க."

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார் இசக்கிராஜ். கனம் தொடையை அழுத்தியது. வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே போனார்.

கதவைத் திறந்தது பெலிக்ஸின் அம்மா ரெஜினா. வந்ததிலிருந்து பையன் சாப்பிடவில்லை என்று டீச்சரிடம் சொன்னார். இசக்கிராஜைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை.

பெலிக்ஸ் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டர் மேசை ஜன்னலை ஒட்டி இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. அடுத்த தெருவில் கடல். கம்பிகளில் துரு பொருக்கு பொருக்காக ஏறியிருந்தது. இசக்கிராஜ் அதைப் பார்க்கவில்லை. பிளக் பாயிண்டில் குற்றம் கண்டுபிடிக்க முடியுமா என்று குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

பெட்டியை மாட்டினார்கள். கொஞ்சம் விளையாடிக் காட்டேன்ப்பா என்றார் ஜெசிந்தா. பெலிக்ஸ் வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்து ஆடினான். ஆட்டம் வேகம் எடுத்ததும் படம் உறைந்தது. திரை கறுத்தது. மறுபடி வெளிச்சம் வந்தபோது ஆட்டம் இல்லை. டிரைவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

பெலிக்ஸ் கையை எடுத்துவிட்டான். "இதான்."

"உள்ள எதையோ நோண்டி..." என்று ஆரம்பித்தார் இசக்கிராஜ்.

"அண்ணாச்சி" என்றார் ஜெசிந்தா. அவ்வளவுதான். இசக்கிராஜ் வாயை மூடிக்கொண்டார்.

"சீலை எதுக்குப்பா கிழிச்சே?"

கேட்டுவிட்டு ஜெசிந்தா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெலிக்ஸ் தரையைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். இசக்கிராஜுக்கு நாக்கு துறுதுறுத்தது. பேசப் போனார், டீச்சர் திரும்பிப் பார்த்தார். அடக்கிக்கொண்டார். இன்னொரு தடவை போனார், மறுபடியும் அதே பார்வை. சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. ரெஜினாவும் காத்திருந்தார்.

பெலிக்ஸ் மெதுவாக ஆரம்பித்தான்.

"கார்டைக் கழத்தி மாட்டுனா சரியாயிருது டீச்சர். ரெண்டு மூணு நாள் ஓடும். அப்புறம் மறுபடி நின்னுரும். காத்து கடல்லேர்ந்து அடிச்சா சீக்கிரமே போயிரும். ஜன்னலைச் சாத்தி வச்சா கொஞ்சம் தாங்கும்."

கொஞ்ச நேரம் நிறுத்தினான். யாரும் குறுக்கே பேசவில்லை.

"இதைச் சொல்லத்தான் காலையில வந்தேன். கை வைக்கக் கூடாதுன்னு அண்ணன் சொல்லிருந்தாங்க. சீலைக் கிழிச்சதைச் சொல்லாம இதைச் சொல்ல முடியாது. எங்கேருந்து ஆரம்பிக்கன்னு தெரியல."

இசக்கிராஜ் எழுந்தார். கார்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மதர்போர்டில் சொருகும் விளிம்பில் பல் பல்லாகத் தங்க முலாம் பூசியிருக்கும். அது மங்கிப்போய், அங்கங்கே படலம் படிந்து கிடந்தது. உப்புக் காற்று.

அவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். உப்புக் காற்று எந்தக் கேட்டைத் தின்னும், எந்த சைக்கிளைத் தின்னும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்தக் கார்டை எத்தனை தடவை கையில் வைத்திருந்தார். விசிறியைத் துடைத்தார், பேஸ்ட் தடவினார், விளிம்பைப் பார்க்கவே இல்லை. கழற்றி மாட்டும்போது படலம் உரசிப்போய்த் தானாக ஓடியிருக்கிறது. டிரைவரால் ஓடியது, பேஸ்ட்டால் ஓடியது, பவர் சப்ளையால் ஓடியது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒன்றாலும் ஓடவில்லை. பையன் அதைத் தன் கையாலேயே கண்டுபிடித்துவைத்திருந்தான்.

இப்போதும் அவருக்குக் கோபம் இருந்தது. காட்டுவதற்கு ஆள்தான் இல்லை.

அழிரப்பரால் விளிம்பை இலேசாகத் தேய்த்தார். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தார். சொருகும் பள்ளத்தைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்தார். ரெஜினாவிடம் கேட்டுக்கொண்டு மேசையைத் தானே இழுத்து உள்சுவர்ப் பக்கம் போட்டார். பெலிக்ஸ் ஆடினான். ஆட்டம் முடிந்து இன்னொன்று ஆடினான். கார்டின் விசிறி இரைந்தது. திரை கறுக்கவே இல்லை. ரெஜினா எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தார்.

இசக்கிராஜுக்குப் பெரிய ஆறுதல். "சனிக்கிழமை தைரியமா ஆடு தம்பி. நான் பொறுப்பு."

பெலிக்ஸ் ஆட்டத்தை மூடிவிட்டுத் திரும்பினான். இந்தத் தடவை இசக்கிராஜ் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேற ஆளைப் போட்டுட்டாங்கண்ணே."

"எப்பம்?"

"மத்தியானத்துக்குள்ள பேர் குடுக்கணும். கடையில தொடமாட்டேன்னுட்டாங்கன்னு கேப்டனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். உடனே என் பேரை எடுத்துட்டான்."

ரெஜினா தம்ளரை மேசையில் நங்கென்று வைத்தார்.

கேப்டன் நம்பரைக் கொடு, நான் பேசி எடுத்துச் சொல்கிறேன் என்று இசக்கிராஜ் போனை வெளியே எடுத்தார். பெலிக்ஸ் முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்தான். அவனுக்குப் பேச்சு உடனே வந்தது.

"வேண்டாம்ணே. நீங்க பேசுனது போதும்."

திரும்பும் வழியில் இசக்கிராஜ் கேப்டனைத் திட்டினார். மத்தியானத்துக்குள் பேர் கேட்டவர்களைத் திட்டினார். உப்புக் காற்றைத் திட்டினார். ஜெசிந்தா வண்டியை ஓட்டினார். திட்டுவதற்கு வேறு யாரும் மிஞ்சாமல் இசக்கிராஜும் ஓய்ந்துபோனார்.

கடைத்தெருவுக்குள் நுழையும்போது கேட்டார்.

"டீச்சர், அந்தக் கார்டு நல்லாத்தான் இருக்கு. அழுக்கு ஏறி கொஞ்சம் தடுமாறுது, அவ்வளவுதான். பின்ன எதுக்குக் கம்ப்யூட்டர் அதை நிப்பாட்டிப் போடுது?"

"கம்ப்யூட்டர் கார்டுகிட்ட ஒரு வேலையைச் சொல்லும். பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வரலைன்னா, செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணி நிறுத்திரும்."

"எவ்வளவு நேரம் காத்திருக்கும்?"

"ரெண்டு செகண்ட்."

இசக்கிராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரெண்டே செகண்டா? என்ன அநியாயமா இருக்கு. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா அது பதில் சொல்லிருக்கும்லா."

ஜெசிந்தா வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார்.

"அது ரெண்டு செகண்டாவது காத்திருக்கு அண்ணாச்சி."