பூசாத திருநீறு

சென்னியப்பன் மகளை அழைத்துக்கொண்டு மடத்துக்கு வந்தபோது சாமியார் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகமுங்க சாமி."

"உக்காரு. உரிச்சுக்கிட்டே சொல்லு."

சென்னியப்பன் உட்கார்ந்தான். மொச்சையைத் தொடவில்லை.

"பாப்பாவுக்கு வீட்டுலயே எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேனுங்க. ஒண்ணு விடல. ஆனா சமயத்துல வாயே திறக்க மாட்டேங்கிறா. அது ஏனுங்க?"

"அப்படி என்ன சொல்லிக் குடுத்தே?"

இதைக் கேட்கமாட்டாரா என்றுதான் அவன் காத்திருந்தான். "பாப்பா, சாமிக்குச் சொல்லிக் காட்டு."

ஏழு வயது மித்ரா கைகட்டி நின்று ஒரே மூச்சில் ஒப்பித்தாள். "அப்பா பேரு சென்னியப்பன். வீட்டுல பெரியவங்க இல்லாதப்ப யார் தட்டினாலும் கதவைத் திறக்கக் கூடாது. தெரியாதவங்க கூப்பிட்டா போகக் கூடாது. யாராச்சும் தொட்டு எனக்குப் புடிக்கலைன்னா வேண்டாம்னு சத்தமாச் சொல்லணும். ஓடி வந்து அம்மா அப்பாகிட்டச் சொல்லணும்."

"அடேங்கப்பா!" சாமியார் நிஜமாகவே அசந்துபோனார். "அப்புறம் என்ன குறை?"

சென்னியப்பன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். போன வாரம் சொந்தக்காரர் வீட்டில் புதுமனை புகுவிழா. பெரியப்பன் முறை ஆகிற ஒருத்தர் இவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளி விளையாடியிருக்கிறார். விடவே இல்லை. இவள் சத்தமும் போடவில்லை, ஓடவும் இல்லை. வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே தூங்கிப்போனாள்.

"திங்கட்கிழமையில இருந்து ஸ்கூல் வேன்ல தனியாப் போகப் போறா. நாங்க கூட இருக்க மாட்டோம். எனக்கு உசுரே இல்லீங்க சாமி. இவ்வளவு தெரிஞ்சவளுக்கு அன்னைக்குக் குரல் எங்க போச்சு?"

"தெரியலையே" என்றார் சாமியார். "பார்ப்போம். முதல்ல குழந்தைக்குத் திருநீறு வச்சு விடறேன்."

கையைத் துடைத்துக்கொண்டு திருநீறு எடுத்து அவள் நெற்றிக்கு நீட்டினார். மித்ரா பின்னால் நகர்ந்தாள்.

"வேண்டாம்" என்றாள் மெதுவாக.

சென்னியப்பனுக்கு மானம் போயிற்று. "பாப்பா! சாமிகிட்டப் போய் அப்படிச் சொல்றதா?" தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான். "தலையைக் குனி."

குனிந்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வாயும் மூடிக்கொண்டது.

சாமியாரின் விரல் பாதியில் நின்றது.

"சென்னியப்பா, அந்த விசேஷத்துல நீ எங்க இருந்தே?"

"பக்கத்துலதானுங்க."

"இவ ஒண்ணுமே சொல்லலையா?"

சென்னியப்பன் தன் கையைப் பார்த்தான். அவள் என்னவோ சொல்லத்தான் வந்தாள். 'பெரியப்பன் ஆசையாக் கூப்பிடறாரு, போ பாப்பா' என்று அன்றைக்குத் தள்ளிவிட்டது இதே கைதான். அது இப்போதும் அவள் தோளில் இருந்தது. எடுத்துக்கொண்டான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆனா நீங்க வேற, அந்தப் பெரியப்பன் வேற இல்லீங்களா, சாமி?"

"அவரும் அப்படித்தான் சொல்லுவாரு."

சாமியார் அவள் உயரத்துக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "கண்ணு, வச்சு விடட்டுமா?"

மித்ரா கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

"வேண்டாம்!"

அடுக்களையில் சோறு வடித்துக்கொண்டிருந்தவர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

"சரி கண்ணு." சாமியார் அந்தத் திருநீற்றைத் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டு மறுபடி மொச்சை உரிக்கப் போனார். மித்ராவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே ஒரு காயை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

கிளம்பும்போது சென்னியப்பன் வாசலில் தயங்கினான்.

"சாமி, குழந்தையை ஆசீர்வாதமே பண்ணலீங்களே."

"இப்பத்தானே பண்ணினேன்."