டிரைவர் ரோட்டைத் தாண்டின கதை

ஊற வைத்த மொச்சையைப் பிதுக்கிக்கொண்டே சொல்கிறேன். கைக்கு வேலை இருந்தால் எனக்குக் கூச்சம் தெரியாது. கைக்குழந்தை உள்ளே தூங்குகிறான், அத்தை பக்கத்தில் இருக்கிறார்.

நூறடி ரோட்டில் பஞ்சர் கடைக்கு மேலே ஒரு மடம் இருந்தது. மடம் என்றால் ஒரே ஒரு அறை, தகரக் கூரை. அங்கே நாகலிங்க சாமி என்று ஒருவர் இருந்தார். வயது முப்பத்தைந்துதான். அவருடைய சிஷ்யருக்கோ அறுபத்தொன்று. பெயர் கோதண்டம், வீடு மடத்துக்குப் பின்னால். டவுன் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். சிஷ்யரைக் குரு "டிரைவரே" என்று கூப்பிடுவார்.

கோதண்டத்துக்கு ஆசை விட்டது, கோபம் விட்டது, பீடிகூட விட்டது. ரோட்டைத் தாண்டுகிற பயம் மட்டும் விடவில்லை. எதிரே இருக்கிற மருந்துக் கடைக்குப் போக ஆட்டோ பிடிப்பார். அது பாலம் வரைக்கும் போய் யூ டர்ன் அடித்து வந்து எதிரே இறக்கிவிடும்.

பஞ்சர் கடைக்காரர் சிரிப்பார்.

"முப்பத்திரண்டு வருஷம் இதே ரோட்டுல பஸ் ஓட்டிட்டு, உங்களுக்கா பயம்?"

"ஓட்டினதாலதான்யா பயம். ஸ்டியரிங்கைப் பிடிச்சவன் உள்ள உக்காந்து என்ன நெனப்பான்னு எனக்குத்தானே தெரியும்."

ஒரு நாள் காலையில் கோதண்டத்தின் மனைவி வேதவல்லி ஆஸ்பத்திரியில் இருந்து வந்தாள். கண் ஆபரேஷன். மகள் ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தாள். ஆட்டோ எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டுப் போய்விட்டது. கறுப்புக் கண்ணாடியும் கையில் கூடையுமாக நின்று சத்தம் போட்டாள்.

"என்னங்க! வந்து கூட்டிட்டுப் போங்க!"

"இரு வேதா, ஆட்டோ பிடிச்சு வந்துடறேன்!"

"எதுத்தாப்புல வர்றதுக்கு ஆட்டோவா? ஊரே சிரிக்குது. நீங்க வர்றீங்களா, நானே எறங்கட்டுமா? எல்லாம் மசமசன்னு தெரியுது, அது போதும்!"

கோதண்டம் குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த சாமியிடம் ஓடினார்.

"சாமி, நீங்க தினமும் ரோட்டைத் தாண்டறப்ப கையைத் தூக்குறீங்க, லாரி நிக்குது. அந்த வித்தையை எனக்குக் குடுங்க. இப்பவே."

சாமி வாயைத் திறப்பதற்குள் கோதண்டம் கையைத் தூக்கினார், கண்ணை மூடினார், ரோட்டில் இறங்கி ஓடினார். பத்தடி போனதும் ஹாரன் சத்தம் கேட்டது. அப்படியே திரும்பி ஓடி வந்தார். ஒரு லாரி கிறீச்சென்று நின்றது. லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?"

முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, கோதண்டம் ஊரெல்லாம் கேட்ட கேள்வி அது.

எதிர்ப்பக்கத்தில் இருந்து பதில் வந்தது. "வீட்டுக்காரி இங்கதான் நிக்கறேன்! எங்கிட்ட ஒண்ணும் சொல்லலைப்பா!"

சாமி சிஷ்யரின் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"டிரைவரே, உங்க பஸ்ஸுக்கு எத்தனை பேரு கையைத் தூக்கியிருப்பாங்க?"

"ஆயிரம் பேரு இருக்கும் சாமி."

"எல்லாருக்கும் நிறுத்துனீங்களா?"

"எங்க சாமி! ஸ்டாப் இல்லாத எடத்துல ஏறப் பாக்கறான்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் மிதிப்பேன்."

"அப்ப யாருக்குத்தான் பிரேக் போட்டீங்க?"

கோதண்டம் யோசித்தார். எதிரே வேதவல்லி ஒரு காலை ரோட்டில் வைத்தாள்.

"கொஞ்சம் சீக்கிரமா யோசிங்க" என்றார் சாமி.

"ஒரு கீரைக்காரம்மா சாமி! தினமும் அந்த வெள்ளைக் கோட்டுக்கு வந்து நிப்பாங்க. நிக்கற வண்டிக்குப் பின்னாடி இருந்து திடீர்னு பாய மாட்டாங்க. என் மூஞ்சியைப் பாப்பாங்க. நான் பாத்துட்டேனா, வேகத்தைக் கொறைச்சேனான்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் காலை வைப்பாங்க. வெச்சா ஓட்டமும் இல்ல, திரும்பறதும் இல்ல. ஒரே நடை. நடுவுல நின்னு அந்தப் பக்கமும் பாப்பாங்க. அவங்களுக்கு நிறுத்தறதுல எனக்குக் கோவமே வந்ததில்ல சாமி."

"அந்தம்மாவா போங்க."

"சாமி, நான் மீசை வெச்ச ஆளு."

"மீசை இருக்கட்டும். நடை அந்தம்மாது."

கோதண்டம் எதிர்ப்பக்கம் திரும்பினார். பிறகு, "வேதா! காலை மேல எடு! நான் வர்றேன்!" என்று கத்தினார். அந்தக் குரலுக்கு அவள் காலை எடுத்துவிட்டாள்.

வெள்ளைக் கோடு இருபதடி தள்ளி, பாதி அழிந்து கிடந்தது. அங்கே போய் நின்றார். வலது பக்கம் பார்த்தார். இரண்டு பைக் போயிற்று. ஒரு கார் போயிற்று. ஒரு வேன் வந்தது. டிரைவர் முகத்தையே பார்த்தார். டிரைவரும் பார்த்தார். வேன் மெதுவானது, நின்றது. கோதண்டம் காலை வைத்தார். ஓடவில்லை. நடு ரோட்டில் நின்று இடது பக்கம் பார்த்தார். ஒரு டவுன் பஸ் வேகம் குறைந்தது. உள்ளே இருந்தவர் பழைய டிப்போக்காரர்.

"கோதண்டம் அண்ணே, நீங்களா? நடந்தா?"

பதில் சொல்லவில்லை. கீரைக்காரம்மா நடு ரோட்டில் யாரிடமும் பேசமாட்டாள். நேரே நடந்து எதிர்ப்பக்கம் ஏறினார்.

வேதவல்லி அவர் கையைத் தடவிப் பார்த்தாள். கை ஐஸ் மாதிரி இருந்தது.

"இதுக்கா இத்தனை நாளா ஆட்டோ?"

"நான் யாரு!" என்று மீசையைத் தடவினார்.

"சரி, வாங்க வீட்டுக்குப் போலாம்."

கோதண்டம் திரும்பி ரோட்டைப் பார்த்தார். அந்தப் பக்கம் போகவேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முகம் சுண்டிவிட்டது. வாய்க்கு இரண்டு கையையும் வைத்துக் கூவினார்.

"சாமி! திரும்பி வர்றதுக்கு என்ன உபதேசம்?"

குழாயடியில் இருந்து சாமியின் குரல் வந்தது.

"அதே உபதேசம்தான் டிரைவரே! ஆனா லாரி வேற!"

கோதண்டம் மனைவியின் கையைப் பிடித்துக் கோட்டுக்குக் கூட்டிவந்து நிறுத்தி, வலது பக்கமாகத் திரும்பி, வருகிற லாரியின் டிரைவர் முகத்தை... இதோ வந்துட்டேன் அத்தை, அழறானா, நீங்க குனிஞ்சு தூக்காதீங்க, நான் கையைக் கழுவிட்டு வர்றேன்.