கழுத்தளவுக் குழி

வெயிலுக்குப் பஞ்சமில்லாத செங்காட்டு நாட்டை ஒரு காலத்தில் மணிமார்பன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் நினைத்தது நினைத்தபடி நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் யார் தலையாவது உருளும்.

அவனுக்கு மாந்தோப்பு ஆசை வந்தது. கோட்டைக்குத் தெற்கே செம்மண் காட்டில் நூறு கன்று வைக்கச் சொன்னான். முதல் கன்றுக்கு அவனே மண்வெட்டி பிடித்தான். ஒரு முழம் தோண்டியதும் வேர்த்தது. நிறுத்திவிட்டான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா தோண்டிய குழியைவிட ஆழமாக வேறு எவனும் தோண்டக் கூடாது. தோண்டினால் ராஜாவை மிஞ்சியதாகிவிடும். ஆக, நூறு குழியும் ஒரு முழம்தான்.

தோப்புக் காவலுக்கு மந்திரி தென்னவராயர் பார்த்து அமர்த்திய ஆள் வெயிலுகந்தான். அந்த மண்ணிலேயே பிறந்தவன். குழியைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது, கன்று தேறாது என்று. மேலே ஒரு முழம்தான் மண். கீழே சுக்கான்பாறை; சுண்ணாம்பும் மண்ணும் இறுகிக் கல்லாகிப்போன ஓடு. சொன்னால் ராஜாவின் குழியைக் குறை சொன்னதாகும். வாயை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றினான்.

மழைக்காலத்தில் வேர் அழுகியது. கோடையில் இலை கருகியது. மூன்றாம் வருஷம் நூறும் போயிற்று.

தோட்ட அதிகாரி திருமேனிநாதனுக்கு மந்திரி மேல் வெகுநாள் எரிச்சல். சபையில் எழுந்தான்.

"மகாராஜா, மந்திரி வைத்த ஆள் வேரில் வெந்நீர் ஊற்றியிருக்கிறான். இல்லாவிட்டால் தங்கள் திருக்கரம் பட்ட கன்று வாடுமா?"

வெயிலுகந்தானை இழுத்துவந்து நிறுத்தினார்கள்.

"சாமி, நான் வெந்நீர் ஊத்தலே. அடியிலே பாறை இருக்கு. வேர் இறங்க வழியில்லே."

"கேட்டீர்களா! தாங்கள் தேர்ந்தெடுத்த மண்ணையே பழிக்கிறான்!" என்றான் அதிகாரி.

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "நாளைக் காலை அந்தத் தோப்பிலேயே இவனைக் கழுத்தளவு புதையுங்கள். வெயிலில் கிடந்து சாகட்டும்."

மந்திரி எழுந்தார். வெயிலுகந்தானுக்கு உயிர் வந்தது. அவர் பேச ஆரம்பித்ததும் போய்விட்டது.

"நல்ல தீர்ப்பு மகாராஜா. குற்றத்தைக் கண்டுபிடித்தவர் அதிகாரி. குழி வெட்டும் பெருமையும் அவருக்கே கிடைக்கட்டும். ஆனால் சரியாகக் கழுத்தளவு இருக்க வேண்டும். ஒரு விரல் குறைந்தாலும் தங்கள் உத்தரவு குறைந்ததாகும்."

"நான் வெட்டிய குழியைவிட ஆழம் போகலாமா?" என்று கேட்டான் ராஜா.

"தங்கள் வாய் உத்தரவிட்ட குழி தாங்கள் வெட்டிய குழிதானே?"

"அதுவும் சரி. நானே வந்து பார்க்கிறேன்."

இந்த மனுஷனை நம்பியா வேலைக்கு வந்தோம் என்று வெயிலுகந்தான் பல்லைக் கடித்தான். குழிக்கு அளவு சொல்கிறாரே பாவி!

காலையில் ராஜா குடைக்குக் கீழே உட்கார்ந்தான். அதிகாரி அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். ஒரு முழம் சுலபமாகப் போயிற்று. அப்புறம் 'ணங்' என்றது.

அந்தச் சத்தத்தில்தான் வெயிலுகந்தானுக்கு விஷயம் விளங்கியது. மந்திரியைப் பார்த்தான். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதோ கல் குறுக்கே கிடக்கிறது" என்றான் அதிகாரி.

"தள்ளித் தோண்டும் ஐயா, காடு பெரிது" என்றார் மந்திரி.

தள்ளித் தோண்டினான். அங்கேயும் ணங். மூன்று இடம் மாற்றினான். மண் இளகட்டும் என்று நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னான். தண்ணீர் சொட்டுக்கூட இறங்காமல் தொட்டியில் நிற்பதுபோல் நின்றது. உச்சிவேளை ஆயிற்று. ராஜாவுக்குப் பசி.

"என்ன ஐயா இது? ஒருவனைப் புதைக்க உம்மால் ஒரு குழி வெட்ட முடியவில்லையா?"

"மகாராஜா, அடியெல்லாம் பாறை! கடப்பாரையே மழுங்கிவிட்டது. இதில் யாரால் இறங்க முடியும்?"

மந்திரி கைகூப்பினார். "அதிகாரியின் வாக்குமூலம் ஆயிற்று மகாராஜா. இரும்பு இறங்காத இடத்தில் மாங்கன்றின் வேர் இறங்கவில்லை. அதற்குத்தான் ஒருவன் விலங்கோடு நிற்கிறான்."

ராஜா எழுந்துபோய் ஒரு பட்ட கன்றைப் பிடுங்கினான். வேர் ஒரு முழம் நேராக இறங்கி, அப்படியே மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தது. மடங்கிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"விலங்கைக் கழற்றுங்கள். டேய், இந்தப் பாறையை உடைக்க முடியுமா?"

"முடியும் சாமி. அரை முழக் கனம்தான். அதுக்குக் கீழே மண்ணு மெத்துனு இருக்கும்."

"இதை மூன்று வருஷம் முந்தியே சொல்வதற்கென்ன?"

"தலை ஒண்ணுதானே சாமி இருக்கு."

ராஜா சிரித்துவிட்டான்.

வெயிலுகந்தான் உளியும் சம்மட்டியும் வாங்கினான். வெடிப்பு ஓடிய இடமாகப் பார்த்து அடித்தான். ஓடு பிளந்தது. நின்ற தண்ணீர் குடுகுடுவென்று உள்ளே போய்விட்டது.

ராஜா அங்கேயே உத்தரவு போட்டான். "என் குழி இனி யாருக்கும் அளவில்லை. மண் கேட்கிற ஆழம்தான் அளவு. இந்தத் தோப்புக்குக் கழுத்தளவு. நூறு குழியையும் திருமேனிநாதன் தன் கையால் வெட்ட வேண்டும். இன்றிலிருந்து தோட்ட அதிகாரி வெயிலுகந்தான்."

மந்திரிக்குத் தன் மேலிருந்த சால்வையை எடுத்துப் போர்த்தினான்.

மறுநாள் சாயங்காலம் திருமேனிநாதன் கை கொப்பளித்து, முதல் குழியின் கரையில் உட்கார்ந்திருந்தான். "இது போதுமில்லையா?" என்றான்.

வெயிலுகந்தான் குழியில் இறங்கி நேராக நின்றான். விளிம்பு அவன் மார்புக்கு வந்தது. கழுத்தைத் தொட்டுக் காட்டினான்.

"இன்னும் ஒரு சாண் இருக்குங்க ஐயா."