அரசர் வாயில் வெள்ளி மீன்

முன்னொரு காலத்தில் கொன்றையூர் நாட்டை மகுடவர்மர் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒரு யோசனை தோன்றினால் மதியத்துக்குள் அது சட்டமாகிவிடும். சாயங்காலம் அவருக்கே அது மறந்துபோகும். இடையில் அகப்பட்டவன் பாடு திண்டாட்டம்.

அவருக்குப் பல வருஷம் கழித்து ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தையின் அரைஞாண் கயிற்றில் மீன், ஆமை, சங்கு என்று சின்னச் சின்ன வெள்ளி உருக்கள் கோத்துக் கட்டுவது அந்த நாட்டு வழக்கம். தட்டார் உருவை முரடாகச் செய்து கொடுத்துவிடுவார். வீட்டில் உட்கார்ந்து அரத்தால் ராவி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, மெருகேற்ற வேண்டியது குழந்தைக்கு வேண்டியவர்கள். கெஞ்சிக் கேட்டால் தட்டாரே முகப்பைப் பளபளப்பாக்கித் தருவார். பின்பக்க விளிம்புப் பிசிறை மட்டும் தொடவே மாட்டார். அவர் கை பட்டால் குழந்தைக்கு ஆகாது என்று நம்பிக்கை. இந்தப் பிசிறு சங்கதி மற்ற ஆண்களுக்குத் தெரியாது. தெரிந்தால்தான் அதிசயம்! தேய்த்துத் தேய்த்துக் கை சிவந்ததெல்லாம் அவரவர் வீட்டுப் பெண்கள்தானே.

பொக்கிஷ அதிகாரி பூரணலிங்கத்துக்கு மந்திரி மங்கைபாகரைக் கண்டால் ஆகாது. பூரணலிங்கம் ஒருநாள் சபையில் எழுந்தார்.

"மகாராஜா! இளவரசர் எங்கள் எல்லோருக்கும் பிள்ளை. ஆளுக்கொரு உருவை எங்கள் கையாலேயே மெருகேற்றித் தருகிறோமே. உண்மையான அன்பு யாருக்கு என்று அதில் தெரிந்துவிடும்."

ராஜாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. "பலே! மீன் எனக்கு, ஆமை உமக்கு, சங்கு மந்திரிக்கு. மங்கிய உரு கொண்டு வருகிறவர் பதவியை விட்டுப் போகவேண்டும். தட்டாரிடம் கொடுத்து ஏமாற்றுகிறவர் கழுதைமேல் ஊர்வலம் போகவேண்டும்!"

மங்கைபாகர் வீட்டில் உட்கார்ந்து ராவினார். விரல் நகம் தேய்ந்தது, வேட்டியெல்லாம் சாம்பல். சங்கின் சுழி மழுங்கிக் காணாமலே போயிற்று. அவர் மனைவி வடிவாம்பாள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"சங்கா இது? வெந்த பூண்டுப் பல் மாதிரி இருக்கு. சரி, முகப்பு போனால் போகட்டும். பின்னால் பிசிறு இருக்கு பாருங்க. பல் முளைக்கிற பிள்ளை எதையும் வாயில்தான் வைக்கும். உங்க உதட்டில் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தேயுங்க. நம்ம பிள்ளைகளுக்கு நான் அப்படித்தான் செய்தேன்."

"தட்டார் ஏன் இதை எடுக்கவில்லை?" என்று கேட்டார் மந்திரி. அவள் சொன்னாள். அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

கயிறு கட்டும் நாள் வந்தது. பூரணலிங்கத்தின் ஆமை கண்ணைப் பறித்தது. ராஜாவின் மீனும் அப்படியே ஜொலித்தது. மந்திரி பூண்டுப் பல்லை நீட்டியதும் சபையே சிரித்தது.

"மந்திரியாரே, மூட்டையைக் கட்டலாம்," என்றார் பூரணலிங்கம், மீசையைத் தடவிக்கொண்டு.

ஆமையின் பின்விளிம்பில் பிசிறு அப்படியே நிற்பது மந்திரி கண்ணில் பட்டது. பதவி போவது ஒருபுறம். அந்த ஆமை குழந்தையின் வாய்க்குள் போனால் என்ன ஆகும்? மடியில் பிள்ளையோடு இருந்த அரசியைப் பார்த்தார். பிள்ளை அவள் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தது.

"போகிறேன் மகாராஜா. போகுமுன் ஒரு விண்ணப்பம். உருவைப் போட்டுக்கொள்ளப் போகிறவர் கண்ணால் பார்க்கப் போவதில்லை, கடித்துத்தான் பார்ப்பார். அவரவர் உருவை அவரவர் வாயில் அதக்கிக்கொண்டு 'இளவரசர் வாழ்க' என்று மூன்று முறை சொல்லட்டும்."

"இதென்ன பிரமாதம்!" என்று ஆமையை வாயில் போட்டுக்கொண்டார் பூரணலிங்கம். "இளவரசர் வா... ஆ! ஐயோ!"

உதடு கிழிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. மந்திரி தம் சங்கை வாயில் போட்டு, வெற்றிலை மெல்லுகிறவர்போல மூன்று வாழ்த்தும் சொல்லி முடித்தார்.

"மகாராஜா, தட்டார் தொடாத இடம் ஒன்றே ஒன்று, பின்பக்கப் பிசிறு. முகப்பு மின்னி, பிசிறு அப்படியே இருந்தால் மெருகு யார் கை வேலை என்று அரசியாரைக் கேளுங்கள்."

"தட்டார் வேலைதான், சந்தேகமே இல்லை," என்றாள் அரசி.

"கொண்டு வா கழுதையை!" என்று ராஜா கர்ஜித்தார்.

அரசி மெல்லத் திரும்பினாள். "அப்புறம் உங்கள் மீன்? அதையும் ஒருமுறை வாயில் போடுங்களேன்."

ராஜாவின் முகம் வெளிறியது. மீனை உள்ளங்கையில் புரட்டினார், இருமினார், கூரையைப் பார்த்தார். ஒரு கழுதை போதுமா, இரண்டு வேண்டுமா என்று சேவகன் வாசலில் விழித்தான்.

மங்கைபாகருக்கு ராஜாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அரசியாரே, கயிறு கட்டும்வரை மெருகு வேலை முடிந்ததாகாது. மகாராஜா கடைசித் தேய்ப்பைப் பிள்ளையின் எதிரில் செய்யவேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது."

"அதேதான்! அதேதான்!" என்றார் ராஜா. அவர் விட்ட பெருமூச்சில் பக்கத்து விளக்கு அணைந்தது. "யாரங்கே, புளி கொண்டு வா! கழுதை வேண்டாம். பூரணலிங்கம், நீரும் உட்காரும்."

பட்டாடையில் சாம்பல் சிந்த, ராஜாவும் அதிகாரியும் எதிரெதிரே உட்கார்ந்து ராவினார்கள். "மன்னித்துவிடும் மந்திரியாரே," என்றார் பூரணலிங்கம் வீங்கிய உதட்டோடு. "அரத்தைச் சாய்த்துப் பிடியும்," என்றார் மந்திரி. "இதெல்லாம் என் மனைவி வடிவாம்பாள் சொல்லித் தந்தது." ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டு, "இது வடிவாம்பாளுக்கு," என்றார்.

கடைசியில் ராஜா மீனை வாயில் போட்டு மூன்று முறை வாழ்த்தினார். ஒரு கீறல் இல்லை. அரசி அவர் உதட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றை நீட்டினாள்.

கட்டி முடித்ததும் பிள்ளை மூன்று உருவையும் அள்ளிப் பார்த்தது. மின்னிய மீனையும் ஆமையையும் விட்டுவிட்டு, பூண்டுப் பல்லை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது.